கதவு தட்டும் ஓசை

(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விமர்சனம் எண்டால் குறை பிடிக்கிறது எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். அது மட்டுமல்ல.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் மன்னன் டங்கன் கொலையுண்டதும் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. வெறும் சத்தந்தானே? அது ஏன் நெஞ்சை உலுக்குது எண்டு தோமஸ் டி குவின்சி 1823இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலை நேரத்தில் மனித உலகம் நின்றுபோகிறது. அந்த ஓசையோடு அது மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. அப்போதுதான் நடந்த கொடுமை எங்களுக்கு உறைக்கிறது என்கிறார் அவர்.

இரவில் கதவு தட்டினால் நடுங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதே ஓசை வாழ்க்கை திரும்பி வாற ஓசையாகவும் இருக்கலாம் எண்டு காட்டித்தந்தது விமர்சனம். ஏ.எல். மட்டும் படிச்சு, தொழிற்சாலையில் வேலை செய்யிற எனக்கே இது விளங்குது.

நாடகத்தைப் படியுங்கோ. பிறகு கட்டுரையைப் படியுங்கோ. திரும்பவும் நாடகத்துக்கு வாங்கோ.