அளம் என்னும் சொல்

மரக்காணம் வருவோர் பூமீசுவரர் கோயிலைத் தொழுவர்; உப்பளங்களை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுப் புதுவைக்குச் சென்றுவிடுவர். இரண்டும் ஒரே வரலாறு என்பதை நானும் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம், நல்லியக்கோடனது ஓய்மானாட்டுக் கடற்கரைப் பட்டினம், இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமையுடைய இக்கோயிலின் சோழர் கல்வெட்டுகளில் உப்பு விளையும் நிலம் ‘அளம்’ எனப்படுகின்றது.

ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். சுவரில் அச்சொல்லைக் காட்டி அகராதிப் பொருளை விளக்கத் தொடங்கினேன். பின்னால் நின்ற பையன் ஒருவன், “எங்க அப்பா தினம் அளத்துக்குத்தான் போறாரு, ஐயா” என்றான்.

பங்குனி, சித்திரையில் பள்ளிக்கு வாராமைக்காக நான் பலமுறை பெஞ்சின்மேல் நிறுத்தியவன் அவன். உப்பு நன்கு விளையும் மாதங்கள் அவை. பாத்திக்கு உவர்நீர் பாய்ச்ச வேண்டும். பூத்த உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். வெயிலும் உப்பின் வெண்மையும் கண்ணைக் கூசச் செய்யும். ஐப்பசி மழை இறங்கினாலோ வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆதலின் வேனிலில் வீட்டிலுள்ள சிறு கைகளும் அளத்திற்குப் போயின. ஆசிரியப் பயிற்சியில் இதனை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை, நானும் கேட்டறியவில்லை.

அன்று அவனையே படிக்கச் சொன்னேன். விரலால் எழுத்தைத் தடவித் தடவிப் படித்தான்.