ஆர்சனிக்கைப் பிடிக்காத ஆர்சனிக் ஆப்டமர்: பொதுத் தரவுத்தளத்தில் ஒரு பதிவு என்பது எது?

முகமன் உரைகளே நேரத்தைக் கணிசமாகத் தின்றுவிட்டதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

ஆப்டமர் தரவுத்தளம் பற்றிய வழக்கு அவையில் பாதிப்பேருக்குத் தெரியும். மற்றப் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்டமர் என்பது ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும்படி மடியும் குட்டை டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை. அதைக் கண்டெடுக்கும் முறையை 1990-இல் கொலராடோவில் டியூர்க்கும் கோல்டும், பாஸ்டனில் எலிங்டனும் ஷோஸ்டாக்கும் தனித்தனியே வெளியிட்டார்கள். கோடி கோடி இழைகள் கலந்த கரைசலை இலக்குப் பொருளோடு சேர்ப்பது, ஒட்டாததைக் கழுவி விடுவது, ஒட்டியதைப் படியெடுத்துப் பெருக்குவது, பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்வது: முறை இவ்வளவுதான், சல்லடைக்கு மேல் சல்லடை. இப்படிக் கிடைத்த ஒரு இழை 2004 டிசம்பரில் அமெரிக்காவில் கண் மருந்தாகவே அனுமதி பெற்றது. மக்குஜென் என்று பெயர். இனி வழக்குக்கு வருவோம். இத்தகைய வரிசைகளையெல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அதில் ஒரு பதிவு என்பது எது என்பதில்தான் சண்டை. வரிசை, இலக்கு, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற பிணைப்பு எண் ஆகிய மூன்று கட்டங்கள் போதும் என்பது என் சகாக்களின் கட்சி. வரிசை வெறும் தலைப்புத்தான், அதன் மீது நடந்த ஒவ்வொரு சோதனையும்தான் பதிவு என்பது என் கட்சி. தோற்ற சோதனையும் அதில் சேரும்.

என் சாட்சி ஆர்ஸ்-3. கொரிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட டி.என்.ஏ. ஆப்டமர் அது. ஆர்சனிக்கை நானோமோலார் அளவிலேயே, அதாவது மிக இறுக்கமாக, பிடிக்கும் என்றார்கள். வியட்நாமின் நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக்கை அகற்றவும் பயன்படுத்திக் காட்டினார்கள். இது விளையாட்டான பொருள் அல்ல. மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரில் கலந்து தோலையும் ஈரலையும் கெடுக்கும் நஞ்சு இது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மலிவான, கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு சோதனைக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆர்ஸ்-3 பரவியது. தங்க நானோதுகள்களோடு ஆர்ஸ்-3-ஐச் சேர்த்து உணரிகள் செய்தார்கள். 13 நானோமீட்டர் அளவில் நீரில் மிதக்கும் தங்கம் மஞ்சளாக இராது. சிவப்புத் திராட்சை மதுவின் நிறத்தில் இருக்கும். உப்பைப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு நீலமாகும். டி.என்.ஏ. இழை துகளைப் போர்த்தியிருந்தால் உப்புப் போட்டாலும் சிவப்பு மாறாது. கணக்கு இதுதான்: ஆர்சனிக் வந்தால் இழை தங்கத்தை விட்டு ஆர்சனிக்கைக் கட்டிக்கொள்ளும், போர்வை இழந்த தங்கம் உப்பில் நீலமாகும், நீலம் தெரிந்தால் நீரில் ஆர்சனிக் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. நீலமும் தெரியத்தான் செய்தது.

ரொறன்ரோவிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சோங்கும் ஜுவென் லியுவும் 2019-இல் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். ஆர்ஸ்-3-க்குப் பதிலாக ஏதோ ஒரு வரிசையைப் போட்டால் என்ன ஆகும்? போட்டுப் பார்த்தார்கள். அதே மாற்றம் வந்தது. காரணம் தங்கத்தில் இருந்தது. நீரில் உள்ள ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட்டே தங்கத்தின் மேல் இறுக ஒட்டி, டி.என்.ஏ. ஒட்ட இடமில்லாமல் செய்துவிடுகிறது. பந்தியில் ஒருவர் இலையைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் எழுந்து நிற்கத்தான் வேண்டும். அதை வைத்து இருவரும் கைகோத்தார்கள் என்று முடிவுகட்டலாமா? தங்கத்தை விலக்கிவிட்டு, இழையும் ஆர்சனிக்கும் சேரும்போது வெளிப்படும் வெப்பத்தை நேரடியாக அளந்தார்கள். பிணைப்புக்கான அடையாளமே இல்லை. கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, ஆர்சனிக் ஆப்டமரால் ஆர்சனிக்கைப் பிணைக்க முடியாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. இனி மூன்று கட்டத் தரவுத்தளத்துக்கு வாருங்கள். வரிசை: உண்டு. இலக்கு: ஆர்சனிக். எண்: நானோமோலார். மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது, பதிவு முழுமை! எந்த முறையில் அளந்தார்கள், எந்தக் கரைசலில், பக்கத்தில் தங்கம் இருந்ததா, ஒப்பீட்டுக்கு வேறு வரிசை வைத்தார்களா, பிறகு யார் மறுத்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. பிழையை அச்சுக் குலையாமல் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் கருவி என்றுதான் அதைச் சொல்வேன். இயந்திரக் கற்றலுக்கு இந்தப் பட்டியலையே தீனியாகப் போடப் போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கவலை கூடுகிறது.

அறிவியல் தானே திருத்திக்கொண்டதே, பிறகென்ன என்கிறார்கள். திருத்தப் பத்து வருடம் ஆயிற்று. திருத்திய கட்டுரையும் வேறொரு இதழில் தனியே கிடக்கிறது. 2009-ஐத் தேடி எடுப்பவர் கையில் 2019-ஐயும் தருவதுதான் தரவுத்தளத்தின் வேலை. ஒரு குழுவின் பிழையை வைத்துத் துறையையே பழிக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் 2020-இல் ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கான ஆப்டமர்களைப் பல முறைகளில் சோதித்து இதே சந்தேகத்தை எழுப்பினார்கள். சிறு மூலக்கூறுகளில் இது தனிச் சம்பவம் அல்ல. தோல்விகளைச் சேர்த்தால் குப்பை சேரும் என்பது மூன்றாவது. நம் பதிப்பாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. அதற்காக 269-ஐ 267 ஆக்கி எண்ணைச் சீர் செய்யும் வேலை நடக்கவில்லை; அந்த இடம் இன்றும் வெற்றிடமாகவே நிற்கிறது. ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். அதை எவரும் குப்பை என்று சொல்லக் கேட்டதில்லை.

பிணைப்பு உண்மையாக இருந்தாலும் இலக்குப் பெயர் ஏமாற்றலாம். கொக்கெயின் ஆப்டமர் என்று பெயர் பெற்ற இழை, கொக்கெயினைவிடக் குயினினை, டோனிக் வாட்டரில் கசக்கும் அதே குயினினை, பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று இதே ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜான்சன் குழு 2013-இல் அளந்து காட்டியது. அதை எந்தப் பெயரில் அடுக்குவீர்கள்? சோதனையைப் பதிவாகக் கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

தரவுத்தளம் எங்கே குடியிருக்கும் என்பதில் சகாக்களோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. அவர்கள் அதை யோசிப்பதில்லை, அவ்வளவுதான். டெக்சஸில் எலிங்டன் குழு 2004-இல் தொடங்கிய முதல் தளம் நின்றுபோய், பல வருடம் கழித்துப் புதிதாகக் கட்டப்பட்டது. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் டிரோசா, டுமோன்டியே முதலியோர் 2012-இல் வெளியிட்ட ஆப்டமர் பேஸ், சோதனை நிலைமைகளையும் பதிய முனைந்தது. என் கட்சிக்கு மிக அருகில் வந்த முயற்சி. அது கூகுளின் ஃப்ரீபேஸ் மேல் குடியிருந்தது. கூகுள் 2016-இல் ஃப்ரீபேஸை மூடியது. இந்நகரிலேயே இன்னொரு பாடம் உண்டு: வெளியே ஓடும் குயின் தெரு டிராமில் ஏறி யுனிவர்சிட்டி அவெனியூவில் இறங்கிச் சற்று வடக்கே நடந்தால் மவுண்ட் சினாய் மருத்துவமனை. அங்கே கிறிஸ்டோபர் ஹோக் குழு வளர்த்த பைண்ட் என்ற மூலக்கூற்றுப் பிணைப்புத் தரவுத்தளம் உலகப் புகழ் பெற்றது. 2005-இல் மானியம் தீர்ந்ததும் பதிவேற்றம் நின்றது. மானியத்துக்கு முடிவுத் தேதி உண்டு, தரவுக்கு இல்லை. 1971-இல் விரல்விட்டு எண்ணும் சில கட்டமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி இன்றும் நிற்பதற்குக் காரணம், அது ஒரே ஆய்வகத்தின் சொத்தாக நின்றுவிடவில்லை. பதிவு எண் இல்லாத கட்டுரையை இதழ்கள் ஏற்பதுமில்லை.

காப்புரிமை போய்விடுமே என்ற அச்சத்துக்கு ஒரு வரி: ரொறன்ரோவிலும் இயங்கும் கட்டமைப்பு மரபணுவியல் கூட்டமைப்பு, மருந்து நிறுவனங்களின் பணத்தையும் வாங்கிக்கொண்டே புரதக் கட்டமைப்புகளைக் காப்புரிமை இல்லாமல் பொதுவில் வைத்தது. நிறுவனங்கள் ஓடிவிடவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதியைச் செய்ய வேண்டியவை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கரைசலின் உப்பு, மக்னீசியம், அமிலத்தன்மை, வெப்பநிலை ஆகியவை கட்டாயக் கட்டங்களாக வேண்டும். தாறுமாறான ஒரு வரிசையோடு ஒப்பிடாத அளவீடு தனி நிறத்தில் தெரிய வேண்டும். நுனி வெட்டிச் சுருக்கிய வரிசைக்குத் தாய் வரிசையின் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒன்ராறியோவில் வாட்டர்லூவும் யோர்க்கும், ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் இருக்க, முதல் நூறு இழைகளை மறுசோதனைக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிரதியை ஒரு பல்கலைக்கழக நூலகம் காக்கலாம். எந்த நூலகம் என்பது அடுத்த கூட்டத்துக்கு. ஆர்.என்.ஏ. இழைகளைப் பற்றி இன்று விரிவாகப் பேசவில்லை, அதுவும் அடுத்த கூட்டத்துக்கே.