பேரப்பிள்ளையின் கைக்கு ஒரு சுவிட்ச்
(புக்கிட் மெர்தாஜாமில் மூத்தோருக்கு ஆற்றப்பட்ட உரை)



மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் பேரப்பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களிடம் பேசுகிறேன்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கைவிரல் சொன்னபடி கேட்காது. டேப்லெட்டில் சின்னப் படத்தைத் தொட வராது. அதனால் பிள்ளைக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழங்கை, தலை, பாதம், ஏதாவது ஒன்றைத் தானாக அசைக்க முடிந்தால் போதும். அந்த இடத்தில் பெரிய பொத்தான் போன்ற சுவிட்சை வைக்கலாம்.

முதல் பாடம் எளிது. அழுத்தினால் திரையில் பாட்டு வரும். 'நான் அழுத்தினேன், பாட்டு வந்தது' என்று பிள்ளை கண்டுகொள்வதுதான் பாடம். அது பிடிபட்டபின் திரையில் இரண்டு மூன்று படங்கள் வரும். வண்ணக் கட்டம் ஒன்று அவற்றின்மேல் மெதுவாக நகரும். வேண்டிய படத்துக்கு வரும்போது அழுத்த வேண்டும். நிறம், எண், எழுத்து எல்லாம் இப்படிப் படிக்கலாம். 'தண்ணீர் வேண்டும்' என்று கேட்கவும் செய்யலாம். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', பேச முடியாத பிள்ளை படத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்காகப் பேசும்.

ஐபேடில் 2013 முதல் சுவிட்ச் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் உண்டு. சுவிட்சைத் தனியே வாங்க வேண்டும். எந்த உறுப்புக்கு எந்த சுவிட்ச் என்று சிகிச்சையாளர் பார்த்துச் சொன்னபின் வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வேண்டாம்.

இனி நமது பங்கு. பிள்ளை அழுத்தத் தாமதமாகும். பாசத்தில் நாமே அதன் கையைப் பிடித்து அழுத்திவிடுகிறோம். பாட்டு வரும், ஆனால் பாடம் நமக்குத்தான். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். 'அமுக்கு, அமுக்கு' என்று அவசரப்படுத்தினால் சில பிள்ளைகளுக்கு உடம்பு இன்னும் விறைக்கும். முதுகும் பாதமும் தாங்கலாக இருக்கட்டும். களைத்தால் நிறுத்துங்கள். வலிப்பு உள்ள பிள்ளையானால், பளிச்சிட்டு மினுங்கும் படங்களைக் காட்டுமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், தொழில்வழி சிகிச்சைக்குக் கடிதம் கேளுங்கள். ஓ.கே.யு. அட்டை இல்லையென்றால், டாக்டர் உறுதிப்படுத்திய பாரத்தோடு சமூகநல இலாகாவில் பதியுங்கள். 1984இல் தொடங்கிய பி.டி.கே. சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் நிலையங்களைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

மேசையில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம். விரலை மடக்கிக்கொண்டு, முழங்கையால் அழுத்திப் பாருங்கள்.