படத்தில் ஏறாத பெயர்கள்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் 1864ஆம் ஆண்டு கப்பல்துறைக் கம்பெனி ஒன்று தோன்றியது. அந்தத் துறையில் தமிழ்த் தொழிலாளர் பலர் மூட்டை சுமந்தனர். பெருங்கப்பல்கள் வழி தெரிந்து வந்து சேர்ந்தன. கடலுக்கு நல்ல படங்கள் இருந்தன. கரைக்கு அப்பால், மலாயாவின் உட்பகுதிக்கோ சரியான படம் இல்லை. அங்கு வாழ்ந்த மலாய்க்காரரும் பூர்வகுடிகளும் தங்கள் ஆறுகளையும் மலைகளையும் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவு காகிதத்தில் ஏறவில்லை.

புவியியல் அறிவை வளர்ப்பதற்காக இலண்டனில் 1830இல் அரச புவியியல் கழகம் அமைந்தது. சிங்கப்பூரில் அவ்வகைப் பணியை மேற்கொண்டது, 1877இல் தொடங்கிய ஒரு கழகம். அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை என்பது அதன் பெயர். நிலம், மொழி, வரலாறு, செடிகொடி ஆகிய எல்லாவற்றையும் பற்றிய செய்திகளை அது திரட்டியது. திரட்டியவற்றைத் தன் ஏட்டில் அச்சிட்டது. 1879இல் மலாய்த் தீபகற்பத்தின் படத்தையும் வெளியிட்டது. அதில் உட்பகுதியின் பல இடங்கள் வெறுமையாகவே இருந்தன. தெரியாததை வெறுமையாக விட்டதும் ஒரு நேர்மைதான். பின்னர் வந்த பதிப்புகளில் அந்த வெறுமை குறைந்தது.

கழகம் பிறந்த அதே 1877இல்தான் இலண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு பரப்பினார். அவரே இந்தக் கழகத்தின் செயலாளராகவும் பல்லாண்டு பணியாற்றினார்.

அதன் பிறகு காடுகள் தோட்டங்களாயின. அவற்றைத் திருத்தியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் பெருந்தொகையினர். அரசாங்கப் படத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும். நம்மவர் அழைத்த தமிழ்ப் பெயர்களோ பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டன. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் மறைந்தால், அந்தப் பெயர்களும் மறைந்துபோகும்.

ஆகவே, நேயர்களே, நாம் ஒன்று செய்வோம். ஒரு பெரிய தாளை விரித்து, முதலில் சூரியன் உதிக்கும் திசையைக் குறிப்போம். லயம், பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கோயில், ஆறு ஆகியவற்றை இடம் பார்த்து வரைவோம். ஒன்றுக்கொன்று எத்தனை அடி என்று நடந்து எண்ணுவோம். இடிந்துபோனவை இருந்த இடத்தைப் பாட்டியிடம் கேட்போம். பிள்ளைகள் பெயர்களைத் தமிழில் எழுதட்டும். ஆண்டையும் கீழே குறிக்கட்டும். தெரியாத இடத்தை வெறுமையாக விடலாம். தெரிந்தவர் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

அந்தக் கழகம் 1964 முதல் மலேசியக் கிளை என்னும் பெயரில் இயங்கி வருகிறது. கேட்பது, எழுதுவது, பிறர் அறியத் தருவது: அதன் வேலை இவ்வளவுதான். நம் தோட்டத்துக்கு அதைச் செய்ய நம்மைவிடத் தகுந்தவர் யார்?