அயல்நாட்டுக் கல்வியும் தரகும்



கொரிய மொழியிலும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கின்றனர். இச் செய்தியை வகுப்பில் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் வியந்து சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். அம் மொழியில் ‘கிரோகி அப்பா’ என்றொரு வழக்கும் உண்டு. கிரோகி என்பது பருவந்தோறும் நெடுந்தொலைவு பறந்து செல்லும் காட்டு வாத்து. மக்களின் ஆங்கிலக் கல்வியின் பொருட்டு அவர்களையும் அவர்தம் தாயையும் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, தாம் மட்டும் ஊரில் தனித்திருந்து பொருளீட்டி அனுப்பி, ஆண்டுக்கு ஓரிரு முறை பறந்து சென்று கண்டு மீளும் தந்தைக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 29,500 பள்ளிச் சிறுவர் சிறுமியர் கொரியாவை விட்டு அயல்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றனர். கல்லூரிக் கல்வியை எடுத்துக்கொண்டால், 2008-09-இல் அமெரிக்காவில் பயின்ற தென்கொரியர் 75,000 பேர்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தார்க்குக் கொரியர் புதியவர் அல்லர். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் 1996-இல் தொழிற்சாலை தொடங்கியது முதல் அவர்கள் நமக்குப் பழகிய முகத்தினர். எங்கள் ராஜகுளம் போன்ற சிற்றூர்களிலிருந்து அவ் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் வண்டியேறும் இளைஞர் பலர். அக் கொரியரின் நாட்டில் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கென்றே ‘யூஹாக்வொன்’ எனப்படும் அலுவலகங்கள் தோன்றின. அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் சியோல் நகரத்துக் கண்காட்சிகளில் மேசை போட்டு அமர்ந்தன. பின்னர் அந்நாட்டில் குழந்தைப் பிறப்பு அருகியது. மாணவர் தொகையும் சுருங்கியது. 2023-24-ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற தென்கொரியர் ஏறத்தாழ 43,000 பேரே. அதே ஆண்டில் இந்திய மாணவர் தொகை 3,31,602. சீனரையும் கடந்து நாம் முதலிடம் பெற்றோம். ஆகவே சந்தை இப்பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. சென்னையிலும் கோவையிலும் பெரிய விடுதிகளின் மண்டபங்களில் இன்று நடைபெறும் கல்விக் கண்காட்சிகள் அதன் விளைவே.

அம் மண்டபங்களுக்குச் சென்றவர் உங்களில் சிலர் இருக்கலாம். நுழைவு இலவசம். வாயிலில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்குவர். உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றன் பின்னும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகை. பசும்புல் தரையில் மாணவர் சிரித்து நிற்கும் வண்ணப் படங்கள். விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்பர்; மதிப்பெண் பட்டியலைக் காட்டினால் இன்றே இடம் என்பர். மேசைக்குப் பின்னால் இருப்பவர் சில இடங்களில் அப் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே இருப்பார். வேறு சில இடங்களில் முகவராக இருப்பார். பலகை ஒன்றுபோலவே இருப்பதால் வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது.

பக்கத்து ஊர் உழவர் ஒருவர் பொறியியல் படித்த தம் மகனுடன் என்னிடம் வந்தார். கண்காட்சியில் கொடுத்த படிவம் கையில் இருந்தது. “ஐயா, நம்மிடம் ஒரு காசும் வாங்கவில்லை, நல்ல மனிதர்கள்” என்றார். “அப்படியானால் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?” என்று கேட்டேன். தந்தை மகனைப் பார்த்தார். மகன் படிவத்தைப் பார்த்தான்.

கொடுப்பது அக் கல்லூரிதான். மாணவர் சேர்ந்து முதலாண்டுக் கட்டணம் செலுத்தியபின், அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை முகவருக்குத் தரகாகச் செல்வது பரவலான வழக்கம். கட்டணம் 20,000 டாலர் என்றால் தரகு 2,000 முதல் 3,000 டாலர். ஒரே முகவரின் பையில் பத்துக் கல்லூரிகள் இருக்கும். அதிகத் தரகு தரும் கல்லூரியை அவர் நாக்கு அதிகமாகப் புகழ்ந்தால் அது மனித இயல்பு. நேர்மையோடு தொழில் செய்வோரும் உண்டு. அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர் யாருடைய ஆள் என்பதை அறிந்துகொண்டே அவர் சொல்லை எடைபோட வேண்டும்.

இதில் அமெரிக்கரின் சட்டத்தையே பாருங்கள். அரசின் கல்வி உதவிப் பணத்தைப் பெறும் கல்லூரிகள், மாணவரைச் சேர்த்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம் தரலாகாது என அந்நாட்டுப் பேரவை 1992-இல் விதித்தது. தரகுக்கு ஆசைப்பட்டுப் பொருந்தாத பிள்ளைகளைச் சேர்ப்பர் என்னும் அச்சமே காரணம். ஆனால் அதே சட்டம், அவ்வுதவி பெற உரிமையற்ற அயல்நாட்டு மாணவரை அவர்தம் நாட்டில் சேர்ப்பதற்கு விலக்கு அளித்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதென்று வேலியிட்டவன், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலியைத் திறந்துவைத்தான். அந்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சங்கமும் நெடுநாள் விவாதித்து, 2013-இல் அயல்நாட்டு மாணவர் வகையில் தரகை ஒப்புக்கொண்டது; எல்லாம் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கு தமிழருக்குப் புதிதன்று. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் ஊர்களில் ஆள் திரட்டிய கங்காணி, சேர்த்த ஆளுக்கு ஒரு தரகும், அந்த ஆள் வேலைக்கு வந்த நாள்தோறும் தலைக்காசும் பெற்றான். அவனும் நம் ஊரானே, நம் உறவினனே. ஆதலால் மக்கள் நம்பினர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அம் முறை நீடித்தது. மாணவரைக் கூலியாளோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஊதியம் கைமாறும் முறை ஒன்றாக இருப்பதைச் சுட்டுகிறேன்.

அதன் தீய முடிவுக்குச் சான்றுகள் உள்ளன. கலிபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகம் என்றொன்று இருந்தது. மாணவரை வரவழைக்கும் அரசு அனுமதி அதற்கு இருந்தது. கல்வித் தரத்திற்கான அங்கீகாரம் இல்லை. அங்குப் பதிந்தவர் பெரும்பாலும் இந்தியர், சிறப்பாக ஆந்திரப் பகுதியினர். புதியவரைச் சேர்த்துவிட்ட மாணவருக்கே கட்டணத்தில் பங்கு கிடைத்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் அதை மூடினர். சில மாணவரின் கணுக்காலில் இருப்பிடம் காட்டும் கருவி பூட்டப்பட்டது. நிறுவிய பெண்மணிக்கு 2014-இல் பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. மாணவர் இழந்த ஆண்டுகளைத் தண்டனை திருப்பித் தரவில்லை.

2019-இல் வெளியான மிச்சிகன் செய்தி இன்னும் விந்தையானது. ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்பதை அமெரிக்கக் குடியேற்றத் துறையினரே வலையாக விரித்திருந்தனர். ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. அதற்கு ஆள் சேர்த்த எண்மர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் சேர்த்தவர் அறுநூறு பேருக்குக் குறையாதவர் என்பது குற்றச்சாட்டு. கைதான மாணவருள் ஏறத்தாழ அனைவரும் இந்தியரே. அவருள் சிலர் தெரிந்தே சென்றனர் என்று வாதிடலாம். அரசே பொய்ப்பள்ளி நடத்துவது அறமா என்றும் வாதிடலாம். இரண்டாம் கேள்வியை நான் எளிதில் விட மாட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. மாணவர் விசாவில் அமெரிக்க அரசினர் உயர்நிலைப் பள்ளியில் படிக்க ஓராண்டே அனுமதி. அதற்கும் முழுச் செலவைச் செலுத்த வேண்டும். எனவே அங்குப் பள்ளிப்படிப்பு என்று கண்காட்சியில் சொல்லப்படுவது பெரும்பாலும் தனியார் பள்ளியே. ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் கேட்கும் உறைவிடப் பள்ளிகள் பல.

உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறை அங்குப் பொறிக்கப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படா. அந்த ஊரைச் சுற்றி வாழும் நாம் கணக்குக் கேட்க நாணலாமா?

அவ்வுழவரின் மகனிடம், மேசைக்குச் சென்று இவற்றைக் கேட்டு வரச் சொன்னேன்: உங்கள் மாதச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்தா, வேறிடத்திலிருந்தா? இங்கிருந்து சென்ற மாணவர் இருவரோடு நான் பேச முடியுமா? விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? கடைசிக் கேள்விதான் முதன்மையானது. விசாவுக்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். கடனோ முழுப் படிப்புக்கும் வேண்டும். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு ஈடு கேட்பர். எங்கள் பக்கத்தில் ஈடு என்றால் நெல் விளையும் நிலம். படிக்கும் காலத்தில் வேலை செய்து அடைக்கலாம் என்பர். பருவ நாட்களில் வளாகத்துள் வாரம் இருபது மணி நேரத்திற்கு மேல் வேலைக்கு அனுமதி இல்லை.

பையன் திரும்பி வந்து, முதற் கேள்விக்கு விடையாகப் புன்னகை கிடைத்தது என்றான். பிறகு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திற்கே நேராக எழுதினான். பத்து நாளில் மறுமொழி வந்தது. கட்டண விவரம் கண்காட்சித் தாளில் இருந்ததினும் நீளமாக இருந்தது.

கூலி வாங்காமல் வழி சொல்வோரும் உண்டு. 1950-இல் இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்து நிறுவிய அறக்கட்டளை இன்று அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை என்னும் பெயரில் இயங்குகிறது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை அங்குக் கட்டணமின்றிப் பெறலாம். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா சிரக்யூஸிலும் கொலம்பியாவிலும் பயின்று 1929-இல் திரும்பி, காந்தியடிகளோடு சேர்ந்து நாட்டின் சிற்றூர்ப் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா சென்றது பரோடா மன்னர் திங்கள்தோறும் அளித்த பதினொன்றரைப் பவுன் உதவியால். அத்தகைய உதவியை இன்று ஒன்றிய அரசே அளிக்கிறது. பட்டியல் சாதி முதலிய வகுப்பினர்க்கென 1954-55-இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் செலவு ஆகியவற்றைத் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தகுதித் தேர்வில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாணவரே இணையத்தில் நேராக அனுப்பலாம்.