பெங்களூரு நகர மாவட்டம்: மக்களும் தொழிலும் குடியிருப்பும்

பழைய பெங்களூர் மாவட்டம் 1986இல் நகரம், ஊரகம் என இரண்டாகப் பிரிந்தது. நகர மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,190 சதுர கிலோமீட்டர். 2001இல் 65.37 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 96.21 லட்சமாயிற்று. பத்தே ஆண்டில் 47 விழுக்காடு. அதே காலத்தில் கர்நாடகம் முழுவதும் கூடியது 16 விழுக்காட்டுக்கும் குறைவு. 2021 கணக்கெடுப்பு நடைபெறாததால், 2011க்குப் பின் சொல்லப்படும் எண்கள் யாவும் மதிப்பீடுகளே.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இங்கே பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்து வருகின்றனர். 1809இல் பிரிட்டிஷ் படைக் குடியிருப்பான கன்டோன்மென்ட் அமைந்தபோதே படையையும் அதன் தேவைகளையும் ஒட்டித் தமிழர் வந்தனர். அல்சூரும் சிவாஜிநகரும் அந்தக் காலத்துத் தடங்கள்.

தொழில் வரலாற்றையும் வீட்டு வரலாற்றையும் இங்கே பிரித்துப் படிக்க முடியாது. 1898 பிளேக்குக்குப் பின் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் திட்டமிட்ட விரிவாக்கங்களாக எழுந்தன. எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) ஆகிய ஆலைகள் தொழிலாளருக்குக் குவார்ட்டர்ஸும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்தன, ஐ.டி.ஐ.யின் தூரவாணிநகர் அதற்கு நல்ல சான்று. எல்லாருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்ததில்லை என்பதும் உண்மை. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தபின் பெருகிய மென்பொருள் நிறுவனங்களும், பீன்யா, பொம்மனஹள்ளிப் பகுதிகளில் பெண்களை மிகுதியாக அமர்த்திய ஆயத்த ஆடை ஆலைகளும் வீடு கட்டித்தரும் பொறுப்பை ஏற்கவில்லை. மாநில உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தரும் மாவட்டத்தில், தலைக்கு மேல் கூரை தேடுவது அவரவர் பாடாயிற்று.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் வீட்டுக்காரர்களும் நிலத் தரகர்களும்தான். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் மூன்று நான்கு மாடி எழுப்பி மாடிக்கொரு குடித்தனம் வைப்பது வழக்கமானது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்பப் பெறும் லீஸ் முறையும் உண்டு. வீட்டின் மீது முன்பே வங்கிக் கடன் இருந்தால் அந்தப் பணம் ஆபத்தில்தான். தனியாக வருவோருக்குப் பி.ஜி. விடுதிகள்.

1976இல் உருவான பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் சைட்டுகள் தேவைக்கு ஈடாகவில்லை. விளைநிலத்தில் முறையான ஒப்புதலின்றி ரெவின்யூ லேஅவுட்கள் பரவின. அவற்றில் பல மனைகள் ‘பி காத்தா’ பதிவேட்டில் இருந்தன: மாநகராட்சி வரி வாங்கியது, ஆனால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் இழுபறி.

2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களில் வீடுகள் முந்தின, குழாய் பிந்தியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிவரப்படும் காவிரி நீர், ஐந்தாம் கட்டத் திட்டத்தின் மூலம் 2024 அக்டோபரில்தான் அவற்றை நோக்கி வந்தது. அந்த ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது அங்கே பல வீடுகளுக்குத் துணை டேங்கர் லாரிகளே.