சொந்தக் காலில் நிற்றல் என்பது யாது?

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



"படித்தால் சொந்தக் காலில் நிற்கலாம்" என்று இரும்புலியூரில் ஒவ்வோர் இல்லத்திலும் கூறி வந்துள்ளோம். கால் இயங்காத நம் இளைஞனுக்கு இச்சொல்லின் பொருள் யாது? வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் இதனைச் சிந்தித்தல் கடமையாகும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், கழுத்திற்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இத்தகைய நிலையங்களில் கற்பிக்கப்படுவன யாவை? கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல், குளித்து உடுத்தல், சமைத்தல், கணக்கு வழக்குப் பார்த்தல், தொழில் பழகுதல் ஆகியவையே. உணர்வற்ற உடலில் படுக்கைப் புண் வாராதிருக்க, அரைமணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலை உயர்த்தப் பழகுவதும் ஒரு பாடம். மருத்துவம் முடியும் இடத்தில் கல்வி தொடங்குகிறது.

நம் இல்லங்களில் அன்பிற்குக் குறைவில்லை. முப்பது வயது மகனுக்குத் தாய் சோறூட்டுகிறாள். உதவித்தொகையைத் தமையன் வாங்கி வருகிறான். தாயின் காலத்திற்குப் பின் யார் துணை? அவ்வினா எழும்போது பயிற்சிக்குரிய காலம் கழிந்துவிடுகிறது. உலகில் எவரும் பிறர் உதவியின்றி வாழ்வதில்லை. எவ்வுதவி, எப்போது, எவரிடம் என்பதைத் தாமே முடிவு செய்பவர் தற்சார்புடையவர். ஆகவே வங்கிக் கணக்குப் புத்தகம் அவர் கையிலேயே இருக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு தருகிறது. உரியவர் விண்ணப்பித்தால்தான் அது பயன்தரும்.

வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவதன் வேதனையை நம் முன்னோர் அறிவர். அவ்வழி வந்த நாம், நம் கூட்டத்திற்கு வருபவரைப் படிக்கட்டின் கீழே நிறுத்தலாமா? நாலுபேர் தூக்கிச் சென்று உள்ளே அமர்த்துவது அவருக்குப் பெருமை தருமா? ஓர் அடி உயரப் படிக்கு 12 அடி நீளமுள்ள சாய்தளம் போதும். தாமே நாற்காலியை உருட்டி வருவார்.

இளைஞர்களே! இல்லந்தோறும் சென்று ஊனமுற்ற உடன்பிறப்புகளைச் சந்தியுங்கள். அடையாள அட்டை பெற உடன் செல்லுங்கள். செயற்கை உறுப்பு தேவைப்படுவோரைக் கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன கற்க விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள்; அருகிருக்கும் அண்ணனைக் கேளாதீர்கள். நம் சங்கக் கட்டடத்தின் வாயிலில் சாய்தளம் அமைக்கும் பணியை இவ்விழா ஆண்டிலேயே முடிப்போமாக.